என் நோட்டை யாரும் படிக்க முடியாது

இங்கிலாந்தில் முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு கவிஞர் இருந்தார். நல்ல உயரமாம். சொந்தமாக ஒரு சுருக்கெழுத்து முறையைக் கண்டுபிடித்து, வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பெரிய மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தன் நாட்குறிப்பையும் அந்தக் கோடுகளிலேயே எழுதினார். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். அவர் செத்து வெகுகாலம் கழித்து யாரோ உட்கார்ந்து அதையெல்லாம் படித்து அச்சில் போட்டுவிட்டார்கள். ஒருநாள் மதியம் தயிர்சாதம் சாப்பிட்டபடி செல்போனில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் வந்திருக்க வேண்டும்.

நானும் அவர் இனம்தான். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டெனோ. கூட்டத்தில் பேசியதையே மூன்றாம் முறை பேசுவார்கள். அப்போது என் கை சும்மா இருக்காது, பாட்டு எழுதும். குடிநீரைப் பற்றி விளக்கம் கொடுத்தவரின் மீசை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் எங்கள் அதிகாரியின் வித்தை, எல்லாம் குறிப்புகளுக்கு நடுவே சுருக்கெழுத்தில் கிடக்கும். "ஒரு வார்த்தை விடாம எடுக்கிறாங்க பாருங்க" என்று அவரே மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்படுவார்.

எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒருத்தர் எழுத்தை இன்னொருத்தர் படிக்க முடியாது, ஒவ்வொரு கையும் தன் வசதிக்குக் கோட்டை வளைத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான் நோட்டைப் பூட்டில்லாத மேசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

போன பௌர்ணமியன்று நான் லீவு. எங்களுக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகக் கடை. பௌர்ணமி என்றால் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கவே இரண்டு பேர் வேண்டும். காலை பத்து மணிக்கு அதிகாரி போன் செய்தார்.

"நேத்து மீட்டிங் நோட்ஸ் இப்பவே வேணும்மா. நீங்க வராதீங்க, ரோடு பூரா கூட்டம். புதுசா வந்த பொண்ணு உங்க நோட்டைப் பாத்தே டைப் பண்ணிடறேன்னு சொல்லுது."

நேற்றைய பக்கத்தில் அவர் தூக்கம் மட்டும் பன்னிரண்டு வரி. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இருப்பதை இருக்கிறபடியே அடித்துவிட்டால், அது எட்டுத் துறைக்கும் போகும். என் வேலையும் போகும்.

"நான் ஆபீஸ் போறேன்" என்றேன்.

"கடைய யார் பாப்பாங்க?" என்றார் என் கணவர்.

"வேல போச்சுனா தினமும் நானே பாக்கறேன்."

ஆட்டோ ஒன்றும் இல்லை. ஓடினேன். கிரிவலம் என்றால் நிறைமாத கர்ப்பிணி மாதிரி மெதுவாக நடக்க வேண்டும். அந்தப் பாதையில் நான் செருப்புக் காலோடு ஓடினால் விடுவார்களா? "ஏம்மா, செருப்பு போட்டுக்கினா சுத்துவாங்க?" என்று ஒருவர் கேட்டார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "மெதுவா போம்மா, ஓடினா பலன் கம்மி" என்றார் இன்னொருவர். எனக்கு வேண்டிய பலன் வேறு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

போய்ச் சேர்ந்தபோது அதிகாரி டைப் செய்த தாளை வாசித்துக்கொண்டிருந்தார். வியர்வை வழிய நின்றேன். "அருமையா வந்திருக்கு. நீங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டு, கடமை உணர்ச்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். தாளை எட்டிப் பார்த்தேன். தண்ணீர், பஸ், கழிப்பறை, அவ்வளவுதான். உயிர் வந்தது.

வெளியே வந்தால் அந்தப் பெண் என் நோட்டோடு நின்றாள்.

"நடுவுல சிலது விட்டுட்டேங்க அக்கா."

"எத?"

"சார் தூங்கறது நல்லா இருக்குக்கா. மீசைப் பாட்டுதான் கொஞ்சம் இழுக்குது."

காப்பாற்றியவளைக் கும்பிட வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் கிடைத்த முதல் வாசகி, இழுக்குது என்கிறாள். நோட்டைப் பிடுங்கித் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் வேறொரு கையின் சுருக்கெழுத்து. நான் ஓடி வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

கையிலே செருப்பு, காலிலே மண்,
கண்ணிலே கலவரம், கடக்கிறாள் கேட்டை.
பாட்டைப் பிடிக்கப் பறந்து வந்தாள்,
பாட்டோ என்னிடம் பழகியே விட்டது.

ஒரு கோடு விடாமல் புரிந்தது. என் மீசைப் பாட்டைவிட நன்றாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை.

"புரியுதாங்க அக்கா?" என்றாள்.

"ஒருத்தர் எழுத்த இன்னொருத்தர் படிக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.