அத்தையின் குரல் போன தூரம்

பாட்டுத் தட்டில் பாடுகிறவர்களை விட்டுவிட்டால், எங்கள் பக்கத்து ஊர்களில் மைக் செட் ஹாரன் வழியாகக் கேட்ட முதல் பெண் குரல் என் அத்தையுடையதுதான். அத்தை என்றால் நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. அந்தக் குரல் ஒரே ஒரு நாள்தான் கேட்டது. அதோடு முடிந்துபோனது.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். நைனா கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். அதில் வருவது போதாமல் மைக் செட்டும் வைத்திருந்தார். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த ஹாரன், இரும்புப் பெட்டி, மைக், கார் பாட்டரி. ஊரில் அப்போது கரண்டு கிடையாது. பாட்டரியைப் புத்தூர் அரிசி மில்லுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். வண்டியில் அது சாயாமல் யாராவது பிடித்துக்கொள்ளவேண்டும். அந்த வேலை அத்தையுடையது. ஆசிட் பட்டுப் பொத்தலான தாவணிகள் அவளிடம் நிறைய இருந்தன.

நைனாவைவிட அந்தப் பெட்டி அவளுக்குத்தான் படிந்தது என்று நினைக்கிறேன். ஒயரை மாட்டிச் சத்தம் கூட்டுகிற திருகைத் திருப்பியதும் நைனா அவசரப்பட்டு ஹலோ ஹலோ என்று கத்துவார். ஒன்றும் கேட்காது. "இரு அண்ணா, சூடேறட்டும்" என்பாள் அத்தை. பெட்டியின் பின்பக்க ஓட்டை வழியாக நானும் அவளும் உள்ளே பார்ப்போம். கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவக்கும். வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம் வரும். "இப்போ பேசு" என்பாள். மைக்கும் ஹாரனும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, பார்த்தால் பெட்டி ஊளையிடும். அதனால் ஹாரனை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதையும் அவள்தான் சொல்வாள்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊரெல்லாம் ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று ஒரு கூட்டம். சென்னை ராஜ்ஜியத்தோடு சேரவேண்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மைக் செட்தான். காலையில் தெலுங்கில் "மனமந்தா ஒக்கடே", நாமெல்லாரும் ஒன்றுதான், என்று முழங்கிவிட்டு, சாயங்காலம் தமிழில் "சென்னை நமக்கே" என்று நைனா முழங்குவார். இரண்டையும் ஒரே உருக்கத்தோடு சொல்வார். "ஏம்பா, நீ எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால், "பாட்டரி இருக்கிற பக்கம்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர், திருத்தணி போகிற வழியில். பயிர் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை நெட்டையாக, சட்டைக் காலர் வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அத்தை வந்து கும்பிட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அவர் மெதுவாக, "இன்னா படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். என் அம்மா முந்திக்கொண்டு, "எட்டாவது முடிச்சிருக்குது, தெலுங்கும் தமிழும் படிக்கும்" என்றாள். அத்தை உள்ளே போய்விட்டாள். அப்போதெல்லாம் அவ்வளவுதான் வழக்கம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு அத்தை அடுப்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாய் இல்லியா அண்ணி? நான் ஊமைன்னு நெனச்சிக்கினு போயிருப்பாரு."

"நெனைக்கட்டுமே. ஊமைன்னு நெனைச்சாதான் இந்தக் காலத்துல பொண்ணு எடுப்பாங்க" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தையின் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது ஊர் முன்சீப் நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். எல்லையைப் பிரிக்கிறது பற்றி விசாரிக்க ஒரு பெரிய அதிகாரி நகரிச் சந்தை மைதானத்துக்கு வருகிறார், சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் சேதி சொல்லவேண்டும், இரண்டு பாஷையிலும் சொல்லவேண்டும் என்றார். நைனா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். தலையைத்தான் ஆட்ட முடிந்தது. இரண்டு கூட்டத்துக்கும் மாற்றி மாற்றிக் கத்தியதில் அவர் தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர் எதற்கும் மசியவில்லை. காற்றுதான் வந்தது.

"நான் பேசறேன் அண்ணா" என்றாள் அத்தை.

அம்மா கூடாது என்றாள். நைனா யோசித்தார். கூண்டு வண்டி, முன்னாலும் பின்னாலும் சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் யார் பேசுகிறார்கள் என்று எவனுக்குத் தெரியும் என்பதைக் கையாலேயே சொன்னார். மாப்பிள்ளை ஊரில் மட்டும் பேசக் கூடாது, அந்த ஊருக்கு முன்சீப்பிடம் சொல்லித் தமுக்கு அடிக்கவைத்துக்கொள்ளலாம் என்றும் விரலால் எழுதிக் காட்டினார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

ஹாரனை அத்தைதான் கட்டினாள். முன்பக்கம் பார்த்துக் கட்டினால் மாடு மிரளும் என்று கூண்டின் பின்பக்கம், பின்னால் பார்க்கும்படி கட்டினாள். இதனால் வண்டி ஊரைத் தாண்டிப் போகும்போதுதான் சேதி ஊருக்குள் நன்றாக விழும். வண்டிக்காரர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். நைனா பக்கத்தில் நடந்தார். நான் பாட்டரியைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் அத்தையோடு உட்கார்ந்தேன்.

முதல் ஊரில் அவள் குரல் நடுங்கியது. அடுத்த ஊரில் நடுங்கவில்லை. அதற்கடுத்த ஊரில் தெலுங்கில் "அந்தரூ தப்பக்குண்டா ராவாலி", எல்லாரும் தவறாமல் வரவேண்டும், என்று அவள் முடித்தபோது, களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தை அப்படியே பிடித்தபடி நின்றார்கள். வீட்டில் கேட்கிற குரல் இல்லை அது. அதே குரல்தான், ஆனால் நாலு பங்கு பெரிதாகி, நிதானமாக, பனைமரங்களுக்கு மேலே போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிக்காரருக்கு என்னைவிட.

அடுத்த ஊருக்கு வேறு வழி இல்லாமல் மாப்பிள்ளை ஊருக்குள் நுழையும்போது நைனா சேலையை விலக்கி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். அத்தை திருகைக் குறைத்தாள். வண்டி சத்தமில்லாமல் தெருவைக் கடந்தது. கடைசி வீடும் போயிற்று. முன்னால் ஓடையில் பாலம் உடைந்திருந்ததால் மாட்டைப் பிடித்து இறக்க நைனா முன்னே ஓடினார். அத்தை திருகைக் கடைசிவரை திருப்பினாள். மைக்கை எடுத்தாள்.

தமிழில் ஒரு முறை. தெலுங்கில் ஒரு முறை. பிறகு, மற்ற எந்த ஊரிலும் செய்யாதபடி, தமிழில் இன்னொரு முறை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக. ஹாரன் ஊரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நைனா ஓடையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"ஊரைத் தாண்டிட்டோம்னு பேசிட்டேன் அண்ணா" என்றாள் அத்தை. நைனா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் நம்பினார். நானும் நம்பினேன்.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாபா, பொம்பளையா பேசறது? எந்த ஊரு?"

"இது இன்னா சினிமாக்காரியா?"

வண்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சினிமாக்காரியா? எங்க ஊருப் பொண்ணும்மா! எட்டாவது படிச்சது! உங்க ஊருக்குத்தான் மருமவளா வருது, தெரிஞ்சிக்க!" என்று சாட்டையைத் தூக்கிக்கொண்டு சொன்னார். நைனா அவர் வாயைப் பொத்தப் போனார். குரல் இருக்கிறவனைக் குரல் இல்லாதவன் எப்படி நிறுத்துவது?

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கூட அவர் பங்காளி ஒருவர், கையில் தாம்பூலத் தட்டு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க வூட்டு மருமவ குரல் எங்க வூட்டுச் செவுத்தைத் தாண்டாது. உன் தங்கச்சி குரல் ஏரியையே தாண்டிப் போயிருக்குது. எங்களுக்குத் தோதுப்படாதுய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விதை நெல் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நைனா கையெடுத்துக் கும்பிட்டார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. காற்றுதான் வந்தது. தன்னைக் காட்டினார், தொண்டையைக் காட்டினார், மைக் பெட்டியைக் காட்டினார், மறுபடியும் தன்னைக் காட்டினார். தப்பு என்னுடையது என்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. வந்தவர்களுக்கு அது ஏதோ கூத்துமாதிரி இருந்திருக்கும். பங்காளிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நைனா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், "அன்னிக்கி என் தொண்டை போகாம இருந்தா, காலைப் பிடிச்சாவது பேசி இருப்பேன்" என்று. ஊர் முழுக்கப் பேசினவருக்குச் சொந்த வீட்டில் பேச ஒரு சொல் இல்லாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

அத்தையைப் பிறகு சந்திரகிரிக்கு அந்தப் பக்கம், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், அதிகம் பேசமாட்டார். எல்லை பிரித்தபோது ஏரிக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம். இப்போது நான் போனால் அத்தை பேசுவது காதில் விழ, பக்கத்தில் குனிந்து உட்காரவேண்டும். வயதானதால் இல்லை, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

அதிகாரி வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டு திரும்பி வந்த மறுநாள் அது. நைனாவோடு நானும் மைதானத்துக்குப் போனேன். புளியமரத்துக் கிளையில் ஹாரனைக் கட்டினார்கள், தாழ்வாக. அதன் எதிரே யாரும் நிற்கவில்லை. காது கிழிந்துவிடும் என்று கூட்டம் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தது. ஒருவர் மட்டும் நேர் எதிரே நின்றார். நெட்டையாக, காலர்வரை பொத்தான் போட்டுக்கொண்டு. முன்சீப் பேசினார், இரண்டு கூட்டத்துக்காரர்களும் பேசினார்கள், அதிகாரி பேசினார். எல்லாம் ஆம்பிளைக் குரல். வெயில் இறங்கும்வரை அவர் அங்கேயே நின்றார். நாங்கள் ஒயரைச் சுற்றும்போது என்னிடம் வந்து குனிந்து, "அன்னிக்கிப் பேசினவங்க இன்னிக்கி வரலியா பாப்பா?" என்று கேட்டார். நான் வெட்கப்பட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் திருத்தணி ரோட்டில் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"எங்க நின்னுக்கினு இருந்தாரு?"

"ஹாரனுக்கு எதிர்ல."

"ஓரமாவா?"

"இல்ல அத்த, நேர் எதிர்ல. கடைசி வரைக்கும்."

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. திரும்பிப் பார்த்தேன். அத்தை அழுதுகொண்டிருந்தாள். அவருக்குக் காது செவிடாகியிருக்கும் என்றுதான் பாவம் அழுகிறாள் என்று நினைத்தேன். "அழாத அத்த" என்றேன். "அவருக்கு ஒண்ணும் ஆகல. நல்லாதான் கேக்குது. நான் பார்த்தேன்."