றெபரியின் அக்காவாக நெடுந்தீவுக்கு

ஆடி மாதத்தில் நெடுந்தீவுக்குப் போகாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியிருக்கிறேன். சோளகக் காற்று வீசும் காலம் அது. கடல் புரளும், படகு எப்போது நிற்பாட்டப்படும் என்று சொல்ல முடியாது. அப்படி எழுதிய நானே கடந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். இடம் பார்க்கப் போகவில்லை. என் தம்பிக்குக் காவலாகப் போனேன்.

தம்பி நிமலனுக்கு முப்பத்தெட்டு வயது. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறான், சனி ஞாயிறுகளில் உதைபந்தாட்ட நடுவர். ஊரில் றெபரி என்றால்தான் விளங்கும். அந்த ஆடிக்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மைதானத்தில் அவன் கொடுத்த பெனால்டிக்காக யாரோ கல்லால் எறிந்தார்கள். இடது புருவத்துக்கு மேலே ஏழு தையல். நெடுந்தீவில் ஆட்டம் என்றதும் அவனுடைய மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், நீங்கள் கூடப் போங்கோ. பக்கத்தில ஒரு பொம்பிளை நிண்டா கை வைக்க யோசிப்பினம்."

இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள் நான். ஒருமுறை கல் விழுந்த தலையில் இன்னொரு கல் விழும் வாய்ப்பு கூடுமா குறையுமா என்று இரண்டு இரவுகள் யோசித்தேன். விடை தெரியாததால் பையைக் கட்டினேன்.

தீவுகளின் அணிகள் ஆடும் அந்தத் தொடரில் முதல் நான்கு இடங்களுக்குள் வருபவர்கள் மட்டும் பிளே ஓஃப் என்கிற அடுத்த சுற்றுக்குப் போவார்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்து அணி ஒன்றுக்கு அன்று சமநிலை போதும், தோற்றால் வெளியே. நெடுந்தீவு அணிக்கு எந்த வாய்ப்பும் மிச்சமில்லை, மானம் ஒன்றுதான். கழகங்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. ஏன் என்பது வாசிக்க விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை 6.40 பஸ். பண்ணைப் பாலம், மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று 8.05க்குக் குறிகட்டுவான் இறங்குதுறை. ஆளுக்கு 160 ரூபா. வழமையாக நடுவருக்கு ஒரு சிறு படகை ஒழுங்கு செய்வார்களாம். அன்று அதன் இயந்திரம் பழுது. எல்லாரும் போகும் படகில்தான் நாங்களும் போகவேண்டியிருந்தது. நிமலன் சாதாரணச் சேர்ட்டும் தொப்பியும் போட்டிருந்தான். விசிலும் மஞ்சள் சிவப்பு அட்டைகளும் என் கைப்பையில், துவாய்க்கு அடியில்.

"ஆரும் கேட்டா ஊர் பாக்க வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றான்.

படகு 9.00 மணிக்கு. கட்டணம் 250 ரூபா. ஒரு மணி நேரப் பயணம். கீழ்த்தட்டில் நடுவாக இருங்கள், குலுக்கல் குறைவு. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நான் வாங்கியபோது சிலர் சிரித்தார்கள். போட்டேன்.

கீழ்த்தட்டில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊர்காவற்றுறைப் பக்கத்து அணியின் ஆதரவாளர்கள். அணி முதல்நாளே போய் நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்தது. எங்களுக்கு எதிரே இரண்டு பேர். மூத்தவரைத் தவம் அண்ணை என்று கூப்பிட்டார்கள். குருநாகலில் முப்பது வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மற்றவன் கிருபா, இருபத்தைந்து வயதிருக்கும், அணியின் மஞ்சள் மேற்சட்டை போட்டிருந்தான்.

"பின்னுக்கு ஆறு பேரைப் போட்டு மூடினாச் சரி. சமநிலை காணும்தானே," என்றார் தவம் அண்ணை.

"மூடுறதுக்கு அது உங்கட கடையே அண்ணை? தொண்ணூறு நிமிசம் ஷட்டர் போட ஏலாது."

"மாஸ்டருக்கு வேற என்ன தெரியும்? சுவிஸ்காரர் போனில சொல்லுறதைத்தான் செய்யிறார். சம்பளம் அவைதானே குடுக்கினம்."

மாஸ்டர் என்றால் பயிற்றுநர். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சங்கம் அவரை ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது.

"அங்க விடிஞ்சும் விடியாத நேரம். நித்திரைத் தூக்கத்தில ஆளை மாத்தச் சொல்லுவினம்," என்றான் கிருபா. "வாற வருசம் மாஸ்டர் இருக்கமாட்டார்."

"தோத்தா இண்டைக்கே இருக்கமாட்டார்."

ஒரு அலை படகின் பக்கத்தில் அறைந்து தண்ணீர் உள்ளே தெறித்தது. யாரும் கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரல்கள் மட்டும் உயர்ந்தன.

"ஒன்பதாம் நம்பர் இறங்குவானோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இறங்கத்தானே வேணும். கோல் அடிக்க வேற ஆர் இருக்கினம்?" என்ற தவம் அண்ணை சற்றே முன்னால் சாய்ந்தார். "ஆனா அவன் கொழும்பில ஒரு கழகத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டான். ரெண்டு வருசம். தமையன்காரன் எனக்குக் கடதாசியைக் காட்டினவன்."

"மெல்லக் கதையுங்கோ அண்ணை."

"இந்தக் கடலுக்க ஆர் கேக்கப் போகினம்? மாஸ்டர் பழைய பதிவு அட்டையில பேரைக் குடுத்திட்டார். ஆருக்குத் தெரியும்?"

நிமலனின் முழங்கால் என் முழங்காலில் முட்டியது. வேறு கழகத்துக்குக் கையெழுத்து வைத்தவர் இந்தத் தொடரில் ஆட முடியாது என்பது விதி. ஆடியது நிரூபணமானால் ஆட்டம் எதிரணிக்குப் போகும். முதல்நாள் இரவு அவனே எனக்கு விளங்கப்படுத்தியிருந்தான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

தவம் அண்ணை அவனைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நீரும் மட்ச் பாக்கவோ?"

"இல்லை அண்ணை. ஊர் பாக்க. அக்காவோட."

"நல்லது. குதிரையளைப் பாரும். இண்டைக்கு வாற றெபரி எங்கயோ கல்லெறி வாங்கின ஆளாம். நெடுந்தீவில அந்தக் குறை இருக்காது. மதில் முழுக்கக் கல்லுத்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டான்.

10.05க்கு மாவிலித்துறை. நெடுந்தீவு மதில்கள் பவளக்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை, சீமெந்து இல்லை. படங்களில் அழகாக இருக்கும். அன்று ஒவ்வொரு மதிலும் எறிவதற்கு எடுத்துவைத்த குவியலாகத்தான் எனக்குத் தெரிந்தது.

இறங்குதுறையிலேயே எங்கள் பொய் முடிந்தது. நெடுந்தீவுக் கழகத்தின் செயலாளர் கையை நீட்டிக்கொண்டு வந்து, "றெபரி சேர், வாங்கோ. ஓட்டோ நிக்குது," என்றார். பின்னால் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தவம் அண்ணை ஒரு காலைப் படகிலும் ஒரு காலைத் துறையிலும் வைத்தபடி எங்களைப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓட்டோவுக்குள் நான் தம்பியிடம் சொன்னேன்: "நீ ஒண்டும் கேக்கேல்லை."

"கேட்டனான் அக்கா."

"காத்துச் சத்தம். என்ஜின் சத்தம். நீ கேக்கேல்லை."

"எனக்கு நல்லாக் கேட்டது."

"திரும்பிப் போற படகும் இதுதான். இதே ஆக்கள்தான். நடுக்கடலில நான் என்ன செய்யிறது?"

அவன் தையல் போட்ட இடத்தை விரலால் தடவினான். சின்ன வயதிலிருந்து இவனுடைய நேர்மையில் எனக்கு மரியாதை உண்டு. அன்று அதைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று இருந்தது.

மைதானத்தில் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டான். நான் ஐந்தடி தள்ளி நின்றேன். மாஸ்டர் மெலிந்த மனிதர், கையில் இரண்டு கைபேசிகள்.

"மாஸ்டர், நான் அந்தப் படகிலதான் வந்தனான். ஒன்பதாம் நம்பரைப் பற்றிக் கதைச்சவை. அவர் இறங்கினா நான் எழுதவேண்டி வரும். இறங்காட்டி ஒண்டுமில்லை."

மாஸ்டர், மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்த ஒன்பதாம் நம்பர்ப் பெடியனைத் திரும்பிப் பார்த்தார். "சரி. அவன் வெளியிலயே இருக்கட்டும்."

ஆட்டம் 11.00 மணிக்குத் தொடங்கியது. உச்சி வெயிலில் ஆடுவது பைத்தியக்காரத்தனம், ஆனால் நடுவரும் வந்த அணியும் 2.30 படகைப் பிடிக்கவேண்டும். முதல் பாதியில் கோல் இல்லை. ஊர்காவற்றுறைப் பக்கத்து அணி பின்னால் ஆறு பேரை நிறுத்தி உண்மையாகவே மூடிக்கொண்டிருந்தது. அறுபத்தோராம் நிமிடத்தில் நெடுந்தீவு ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் காதோடு இருந்த கைபேசியையும், ஆதரவாளர்களின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். கைகளில் ஒன்றும் இல்லை. மதில் பத்தடி தள்ளி இருந்தது.

எழுபத்தெட்டாம் நிமிடத்தில் ஒன்பதாம் நம்பர் எழுந்து கோட்டுக்கு வந்து நின்றான். நிமலன் ஓடி வந்து மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். பதிவு அட்டை இருக்கிறது, பெயர் இருக்கிறது, தடுக்க நடுவருக்கு அதிகாரம் இல்லை. தம்பி கையை அசைத்து உள்ளே விட்டான்.

எண்பத்தாறாம் நிமிடத்தில் அந்தப் பெடியன் இரண்டு பேரைத் தாண்டிப் போய், காற்றுக்கு எதிரே, வலையின் தூர மூலைக்கு அடித்தான். எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. அது நல்ல கோல் என்பது எனக்கே தெரிந்தது.

1-1. கடைசி விசிலுக்கு ஆதரவாளர்கள் உள்ளே பாய்ந்தார்கள். நான் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டேன். தம்பியைச் சுற்றி வளைத்தவர்கள் அவனைத் தூக்கப் பார்த்தார்கள். நெடுந்தீவுப் பொறுப்பாளர் ஆட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். மாஸ்டரைக் காணவில்லை.

மிச்ச நேரத்தில் ஓட்டோக்காரர் எங்களைக் கோட்டைக்கும் குதிரைகள் நிற்கும் வெளிக்கும் அடி வீடளவு பருத்த பெருக்கு மரத்துக்கும் கொண்டுபோனார், ஒரு மணி நேரம், 3,000 ரூபா. உங்களுக்காகப் படம் எடுத்தேன். மூன்றும் மங்கல். தம்பி ஓட்டோவின் பின் இருக்கையில் இருந்து அறிக்கையில் நடுவருக்கான பகுதியில் நான்கு வரி எழுதினான்: எழுபத்தெட்டாம் நிமிடத்தில் மாற்றாக வந்தவர் வேறு கழகத்துக்கு ஒப்பந்தமானவர் என்று தான் கேள்விப்பட்டதும், ஆட்டத்துக்கு முன்னரே பயிற்றுநருக்குச் சொன்னதும், தொடரை நடத்தும் குழு இதை விசாரிக்கவேண்டும் என்பதும். இரண்டு அணிகளும் கையெழுத்திடாவிட்டால் அறிக்கை செல்லாது.

2.30 படகில் எங்களுக்கு நடு இருக்கையை விட்டுத்தந்தார்கள். சோடா தந்தார்கள். தாளம் போட்டுப் பாடினார்கள். "காலமை கேட்டதைக் கடலுக்க போட்டிட்டார். இவரெல்லோ றெபரி," என்று கிருபா தம்பியின் தோளில் கைபோட்டான். நான் பயந்த கோபத்தை விட இந்த அன்பு பயங்கரமாக இருந்தது. ஆட்டக்காரர்கள் மேல்தட்டில். மாஸ்டர் முன்மூலையில் தனியாக இருந்தார்.

"கரையில போய் சைன் வாங்கு," என்று தம்பியின் காதில் சொன்னேன்.

"இறங்கின உடன ஆள் மோட்டச்சைக்கிளில போயிடுவார் அக்கா. பேந்து பிடிக்க ஏலாது."

எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனான். நானும் போனேன். ஏன் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு பெண் நிற்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்களே.

மாஸ்டர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். "சுவிஸில இருந்து பத்துத்தரம் போன் எடுத்திட்டினம்," என்றார் யாரிடமோ சொல்வது போல. பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். அதற்குள் கிருபா வந்து தாளை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டான். வாசித்தான். ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். கடைசியில் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

கிருபா தாளைப் படகுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். அது காற்றில் படபடத்தது.

"விடடா," என்றார் யாரோ. "காத்தோட போகட்டும்."

தம்பி அசையவில்லை. நான் அவனுடைய சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தேன். ஒரு அலைக்குப் படகு சரிந்தபோது எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள், நான் சேர்ட்டைத்தான் பிடித்தேன்.

"குடு இஞ்ச," என்றார் தவம் அண்ணை. கிருபாவின் கையிலிருந்து தாளை வாங்கினார். "இதைக் கடலுக்க போட்டா இன்னொண்டு எழுதுவர். ஆளையே போடப் போறாய்?"

கிருபா யோசிப்பது போல எனக்குத் தெரிந்தது. தவம் அண்ணை, கண்ணாடி கொண்டு வரவில்லை என்று முணுமுணுத்து, தாளை வாசிக்காமல் நான்காக மடித்துத் தம்பியிடம் நீட்டினார். பிறகு எங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டார். குறிகட்டுவானுக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம். என் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

3.45க்கு ஒரு பஸ்தான். அதிலும் அதே ஆட்கள். ஏறலாமா என்று நின்றபோது நடத்துநர், "ஏறுங்கோ அக்கா, அடுத்தது எப்ப எண்டு சொல்ல ஏலாது," என்றார். ஏறினோம். எங்களுக்குப் பின் இருக்கையில் தவம் அண்ணை. வேலணையில் இறங்க எழுந்தவர் எங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அதில கோல் எழுதியிருக்கோ?"

"ஓம் அண்ணை. எண்பத்தாறாம் நிமிசம்."

"அடிச்சவன்ர பேர்?"

"பேரும் இருக்கு."

"அதை அவை வெட்டுவினமோ?"

"ஆட்டத்தை மற்றப் பக்கத்துக்குக் குடுக்கலாம். அறிக்கையில இருக்கிறதை வெட்ட ஏலாது."

தவம் அண்ணை தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். மஞ்சள் சட்டைகள் எல்லாம் அங்கேயே இறங்கின. அப்போதுதான் தம்பி மடித்த தாளை எடுத்து என் கைப்பையில், துவாய்க்கு அடியில் வைத்தான். யாழ்ப்பாணம் வரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

குழுவின் முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. தம்பி வீட்டுப் படலை பகலிலும் பூட்டியிருக்கிறது. மாஸ்டரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகக் கேள்வி. அந்தப் பெடியனைக் கொழும்பில் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அந்தக் கையெழுத்து அவனுக்கு எவ்வளவு பெரியது என்று எங்களில் யாரும் அவனைக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

நீங்கள் போவதென்றால் மாசி, பங்குனியில் போங்கள், கடல் அடங்கியிருக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள். ஓட்டோக் கூலியை ஏறுமுன் பேசுங்கள். 2.30 படகுக்கு 2.00 மணிக்கே துறையில் நில்லுங்கள். போகும்போது எதிரே இருப்பவர் நீங்கள் யார் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போதும் அவர்தான் எதிரே இருப்பார்.