அத்தைக்கு மஞ்சள்காமாலை இல்லை

தங்கச்சி அந்தப் பெரிய தாளை என் கட்டிங் மேசை மேல்தான் விரித்தாள். காற்றில் பறக்காமலிருக்க ஒரு முனையில் என் கத்தரிக்கோலையும் மறு முனையில் இஸ்திரிப் பெட்டியையும் வைத்தாள். எங்கள் வம்சத்தையே அதில் வரைந்தாள்: ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். கேன்சர் வந்தவர்களை மட்டும் கறுப்பாக அடைத்தாள். அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த எங்கள் சித்தப்பா மகளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மார்பில் வந்திருந்தது. அவள் வட்டம் கறுப்பு. அதற்கு மேல்வரிசையில் நைனாவோடு பிறந்த அத்தையின் வட்டம். பேனா முனையை அதன் மேல் வைத்துக்கொண்டு தங்கச்சி கேட்டாள்.

"அத்தைக்கு மஞ்சக்காமாலைதானக்கா?"

என் வாயில் குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டு, "ஆமா" என்றேன். அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டாள். வட்டம் வெள்ளையாகவே நின்றது.

நான் சொன்னது பொய்.

புருஷன் செத்த பிறகு அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்போது நான் எட்டாவது. பக்கத்துத் தெருவில் தையல் பழகிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டில் இடப்பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொன்னாள் அத்தை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை புடவையை விலக்கி மார்பில் இருந்த கட்டியைக் காட்டினாள். எங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு அந்த இடத்தில் நோய் வந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த வீட்டில் பெண் எடுக்க யாரும் வரமாட்டார்கள். மஞ்சள்காமாலை என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர்கள் நம்புவதற்காகக் கீழாநெல்லியைப் பறித்து வந்து வாசலிலேயே அரைப்பார்கள்.

அம்மா கழனிக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அத்தையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். நைனா ரொம்ப யோசிக்கவில்லை. "சின்னது நல்லா படிக்குது, அது போவட்டும்" என்றார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். ஏழு மாதம் புண்ணைத் துடைத்தேன், துணியை வேப்பிலை போட்டு அவித்தேன். அந்த வாடை என் கையை விட்டுப் போக ஒரு வருஷம் ஆனது. தங்கச்சியை அந்த அறைக்குள்ளேயே விடவில்லை. தொற்றிக்கொள்ளும் என்று சொல்லிவைத்திருந்தோம். அவள் எதிர்வீட்டில் உட்கார்ந்து படித்தாள். அத்தை போவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய விடாத. தங்கச்சிக்கும் தெரியக் கூடாது" என்றாள்.

தங்கச்சி பள்ளியில் முதலாவதாக வந்தாள். பிறகு சென்னை, பெங்களூர், ஜெர்மனியில் ஆறு வருஷம். இப்போது சென்னையில் அவளுக்கென்று ஒரு லேப், அவளுக்குக் கீழே பிள்ளைகள். கேன்சர் ஜீன்தான் அவள் ஆராய்ச்சி. எனக்குப் புரியவேண்டும் என்று தையலை வைத்தே சொன்னாள். உடம்புக்குள் நூல் மாதிரி ஒன்று அறுந்துகொண்டே இருக்குமாம். அதைத் தைக்கச் சொல்லும் ஜீன் ஒன்று உண்டாம். பிறக்கும்போதே அது கெட்டிருந்தால் கேன்சர் வரலாமாம். அப்படி வந்தவர்களுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறதாம், அதைப் போன்றவற்றில்தான் அவள் வேலை செய்கிறாளாம். கடைக்கு வருகிறவர்கள், "நீங்க சயின்டிஸ்ட் அக்காவாமே" என்பார்கள். ஒருத்தி, "ஒரே வயித்துல பொறந்து ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க, இன்னாக்கா இது" என்று சிரித்தாள். அவள் ஜாக்கெட்டைப் பத்து நாள் தள்ளித்தான் கொடுத்தேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. அன்றைக்குப் பொய் சொன்னது அத்தைக்குக் கொடுத்த வாக்குக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி வேறு. இவ்வளவு படித்தவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் தூக்கி அவள் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. அந்த வயதில் ஒருத்திக்கு மட்டும் வருவது எங்கேயும் உள்ளதுதான் என்று சொல்லித் தங்கச்சி தாளைச் சுருட்டிக்கொண்டு போனாள். யாருக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்கவில்லை.

எட்டு மாதம் போனது. என் மகளுக்கு இருபத்தாறு வயது. ஒரு நாள் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "லெஃப்ட்ல டைட்டா இருக்குதும்மா, பிரிச்சு வுடு" என்றாள். ஜாக்கெட்டை மேசைமேல் போட்டுவிட்டு அவளைக் கிளம்பச் சொன்னேன். திண்டிவனத்தில் காட்டினோம். வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தங்கச்சிக்கு போன் போட்டேன். அத்தைக்கு எங்கே வந்தது, எப்படிச் செத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ படிச்சிக்கினு இருந்த."

மறுவாரமே தங்கச்சி சித்தப்பா மகளையும் என்னையும் சென்னைக்குக் கூப்பிட்டு ரத்தம் எடுக்க வைத்தாள். தானும் கொடுத்தாள். முடிவைச் சொல்ல நேரில் வந்தாள். சித்தப்பா மகளுக்கு அந்த ஜீன் கெட்டிருந்தது. இனி அவளுக்கு அந்த மாத்திரை கொடுக்கலாம். எட்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருக்கலாம் என்று தங்கச்சி சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. எனக்கும் கெட்டிருந்தது. தங்கச்சிக்கு இல்லை.

இருபது வருஷமாக அவள் தேடியது என் உடம்பில் இருந்திருக்கிறது. அவள் அழுதாள். நான் அழவில்லை. அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது இதுதான்: இதிலும் அவள் தப்பித்துவிட்டாள். அதை அவளிடம் சொல்லவில்லை. "டீ குடிக்கிறியா" என்று கேட்டேன். பிறகு, அங்கேயும் கேன்சர் வரலாம் என்று என் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். மார்புக்கு வருஷா வருஷம் ஸ்கேன் உண்டு.

அடுத்தது என் மகள். கெட்ட ஜீன் அவளுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், சரிபாதி என்றாள் தங்கச்சி. முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் தைத்ததில் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

போன மாதம் போன் வந்தது.

"அவளுக்கு இல்லக்கா. அவ என்னை மாதிரி."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். என் பெண்ணை யாராவது சித்தி மாதிரி என்று சொன்னால் எனக்கு எரியும். அன்றைக்கு நானே மகளைக் கூப்பிட்டேன். "நீ உங்க சித்தி மாதிரியாம்" என்றேன். சொல்லும்போதும் கொஞ்சம் எரிந்தது. இன்னொரு முறையும் சொன்னேன்.