காற்றில் பறக்காத சிவப்பு

யுத்தம் வந்ததும் கடைகளில் சாயப்பொடி அரிதாகிவிட்டது. திருவிழாவில் மாதா சப்பரம் வரும் பாதையில் எங்கள் தெருப் பெண்கள் தரையில் கம்பளம்போல் கோலம் போடுவோம். பொறுப்பு என் மைனிக்கு, அண்ணன் மனைவிக்கு. முந்தின வருஷம் சாயமேற்றிய மரத்தூளைக் கச்சான் என்னும் பலத்த மேல்காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. இம்முறையும் அப்படியானால் சப்பரத்தைப் பக்கத்துத் தெரு வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

நான் ரசாயனம் படித்துவிட்டு உப்புச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். மைனியின் ஊரான ஆலந்தலையில் அலை ஒதுக்கிய சிவப்பு மணல் நினைவுக்கு வந்தது. அது கார்னெட், இரும்பும் அலுமினியமும் சிலிகாவோடு கூடிய கனிமம். அதன் குணங்களை வரிசையாகச் சொன்னேன்: சாதாரண மணலைவிடக் கனம், வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது.

"இரும்புன்னா துருப்பிடிச்சு வழியாதா, ஏளா?"

"பிடிக்கிறதா இருந்தா கடல்லயே பிடிச்சிருக்கும், மைனி."

கரையில் உட்கார்ந்து, தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றினோம். வெள்ளை மணல் முதலில் வழிந்தது. கருமணல் அடியில் தங்கியது. நடுவில் சிவப்பு. பெருமையாகக் கொண்டுபோன காந்தத்தில் கருமணல் கொஞ்சம் ஒட்டியது. சிவப்பு அசையவே இல்லை. சிலிகாவோடு பிணைந்த இரும்பு கைக்காந்தத்துக்கு வராது என்று விளக்கினேன்.

"ஒன் இரும்பு ஒன்னையே மதிக்கல!" என்று மைனி சிரித்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் மணல் சாக்கைத் தூக்கப் பார்த்துத் திணறினார். "உள்ள என்னம்மா, இரும்பா?"

"கொஞ்சம் இரும்புதான், அண்ணாச்சி."

திருவிழா மாலை கச்சான் எழுந்தது. சிவப்பு மணலில் நாங்கள் போட்ட பூக்கோலம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவின் நீல மரத்தூள் மொத்தமும் பறந்துவந்து அதன்மேல் படிந்தது. தெருமுனையில் பேண்டு வாத்தியம் கேட்டுவிட்டது. மைனிக்கு அழுகை முட்டியது.

"விசிறி எடுங்க, மைனி!"

ஓலை விசிறியோடு குனிந்து இருவரும் வீசினோம். நீலம் எழும்பிப் போனது. கனத்த சிவப்பு, ஓர் இதழும் கலையாமல் கிடந்தது. சப்பரம் அதன்மேல் வந்து நின்றது.

மாதாவைக் கும்பிட்ட கையோடு பக்கத்துத் தெருக்காரி மைனியின் காதருகே குனிந்தாள். "ஏளா, அந்த மண்ணு எங்கன கெடக்கு?"

"கடல்லதான்," என்றாள் மைனி. முழுப் பொய்யில்லை.