கேக் வெட்டும் நேரம்

என் மகளின் பிறந்தநாள் அழைப்பைப் பார்த்ததும் அம்மா போன் எடுத்தார். "நாலு மணிக்குக் கேக் வெட்டினால் சரிவராது பிள்ளை. பன்னிரண்டுக்கு வெட்டு. அண்டைக்கு ஆறு மணிக்குக் கடல் பெருகி முடிஞ்சிடும்."

இதே மெல்பேர்னில் என் பத்தாவது பிறந்தநாளும் அப்படித்தான் நடந்தது. சரியாகப் பதினொன்று நாற்பதுக்குக் கேக். "உன்ர அம்மா நல்ல நேரம் பாக்காமல் ஒண்டும் செய்யமாட்டா" என்று பக்கத்து வீட்டு அன்ரி மெச்சினார். அவர் நினைத்தது பஞ்சாங்கத்தை. குசினியில் சாமிப் படத்துக்குக் கீழே அம்மா ஒட்டியிருந்ததோ கடலின் வற்றுப்பெருக்கு அட்டவணை.

விருந்தினர் போனதும் அம்மா சேலையை மாற்றிவிட்டுத் தூண்டிலைக் காரில் ஏற்றினார். நாங்கள் கடற்கரையில் இறங்கியபோது, காலையிலிருந்து நின்ற நான்கு வெள்ளைக்காரர் வெறும் வாளிகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மீனே இல்லை என்று ஒருவர் கையை விரித்தார்.

அம்மா என் பக்கம் குனிந்தார். "இனித்தானே தண்ணி மணல்திட்டுக்கு மேலால ஏறும். மீனும் அதோட வரும்."

என் விரல்களில் கேக் கிரீமும் இரைமீன் வாடையும் கலந்திருந்தன. தூண்டில் போட்ட பத்து நிமிடத்தில் முதல் சால்மன் ட்ரவுட் வெள்ளியாய்த் துள்ளி வந்தது. அடுத்தடுத்து இன்னும் ஐந்து. காரடியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அந்த நால்வரும் திரும்பி ஓடிவந்தார்கள். அம்மா சற்றுத் தள்ளி நின்று அவர்களுக்கு இடம் விட்டார்.

இப்போது மகளின் அழைப்பில் நேரத்தைப் பன்னிரண்டு என்று மாற்றி அனுப்பினேன். "எந்த ஐயர் குறிச்சுத் தந்தவர்?" என்று கேட்டாள் என் சிநேகிதி.

"அம்மா" என்றேன்.