தூக்கிவாரிப் போட்டது

எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, வட்டமடித்து அடங்குகிற சத்தம் இருக்கிறதே, அது உங்களுக்கெல்லாம் வெறும் சத்தம். கடத்தூரில் எங்கள் வீட்டிலோ அது அடங்குவதற்குள் என் அக்கா செல்வி கீழே கிடப்பாள்.

திடுக்கிட்டால் "தூக்கிவாரிப் போட்டது" என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்கிறோம். அக்காவை அது உண்மையாகவே தூக்கி, வாரி, போட்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு கரண்டி விழுந்தால் போதும், உடம்பு விறைத்துக் கட்டை மாதிரிச் சாய்ந்துவிடுவாள். ஆனால் தீபாவளிக்கு அணுகுண்டைத் தானே பற்றவைத்து, அது வெடிக்கும்வரை நின்று பார்த்துச் சிரிப்பாள். அதனாலேயே "வேஷம் போடறா" என்றது தெரு; நானும் அதை நம்பினேன், பாவி.

தர்மபுரி டாக்டர்தான் அம்மாவுக்குப் புரியவைத்தார். "இது வலிப்புங்கம்மா. சத்தம் பெருசா சின்னதான்னு இல்ல, எதிர்பாக்காம வந்தாத்தான் இழுத்துடுது." மாத்திரையோடு வீட்டுக்கு ஒரு சட்டமும் வந்தது: யார் வந்தாலும் வாசலிலிருந்தே "நான்தான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். "வூட்டுக்குள்ள கொரல் குடுத்துக்கிட்டு வாடி" என்று அம்மா நாளைக்குப் பத்துத் தடவையாவது என்னிடம் சொல்லுவாள்.

எனக்கு ஒன்பது வயது. அம்மா காட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சமையலறையில் நின்றபடியே களி தின்ற அக்காவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. சொம்புத் தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. வெளியில் விளையாடிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. "திடுக்குனு பயமுறுத்துனா விக்கல் நின்னுடும்" என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். உதவி செய்யத்தான் போனேன், சத்தியமாக. சட்டம் நினைவிலேயே இல்லை. பூனை மாதிரிப் பின்னால் போய் இரண்டு கையையும் படாரென்று தட்டினேன்.

விக்கல் நின்றது. ஆட்டுக்கல்லின் விளிம்பில் அக்காவின் தலை மோதியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். அம்மாவிடம் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். பாதியிலேயே என் வாயைப் பொத்திவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் "தானாத்தான் விழுந்துட்டாளுங்க" என்றாள். சாகும்வரை அதையேதான் சொன்னாள், என்னைத் திட்டக்கூட இல்லையே, அம்மா!

இப்போது அந்த வீட்டில் ஆட்டுக்கல் இல்லை, அம்மாவும் இல்லை. தட்டு விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் பூட்டைத் திறந்து ஆளில்லாத வீட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் "நான்தான் வர்றேன்" என்கிறேன். "யாருகிட்டம்மா சொல்ற?" என்று கேட்கிறாள் என் மகள்.

அன்றைக்கு ஒருநாள்தான் சொல்லாமல் வந்தேன்.