லிஸ்பனில் ஒரு வடைத் தட்டு

லிஸ்பன் முழுக்க ஏற்றம்தான். முக்குக் கடைக்கே மோட்டாரில் போகும் என் வீட்டுக்காரர், காலையிலிருந்து இரைத்துக்கொண்டே என் பின்னால் நடந்தார்.

மதியம், சுட்ட மத்தி மீன் வாசம் இழுக்க ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். நாங்கள் வாய் திறக்கும் முன்பே ரொட்டி, சீஸ், ஆலிவ் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன.

"தொடாத லா! நாம கேக்கவே இல்ல. டூரிஸ்ட்ட ஏமாத்துற வேல இது," என்று என் கையைத் தடுத்தார் அவர்.

"ஏங்க, நம்ம ஊரு திகாம் பத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில வடைத் தட்டு கேக்காமலேயே மேசைக்கு வருதுல்ல? அதே மாதிரிதான் இங்கயும், சாப்பிட்டதுக்கு மட்டும் காசு குடுத்தா போதும்," என்றேன்.

அவர் நம்பவில்லை.

மீனை முடித்து நான் கைகழுவிவிட்டு வந்தபோது, ஆலிவ் தட்டில் வெறும் கொட்டைகள். அவர் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே பில் மேசைக்கே வரும். அவரோ ஊர்ப் பழக்கத்தில் எழுந்து நேரே கல்லாவுக்குப் போய், சாப்பிட்டதை ஒப்பிக்கத் தொடங்கினார்.

"ஃபிஷ் டூ. ப்ரெட் டூ. சீஸ் ஒன்..."

கொஞ்சம் தயங்கினார்.

"ஆலிவ்... ஆல்."

கடைக்கார அம்மா சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

நாளைக்கும் அந்த ஏமாற்றுக் கடைக்குத்தான் போகணுமாம். உங்கள் வீட்டு 'தொடாத லா' எதைக் காலி பண்ணிவிட்டு ஜன்னலைப் பார்த்தது?